அந்த @ எதை மறைக்கிறது?



மேக்ஃபைல் பத்தின எபிசோட் வந்ததிலிருந்து நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான். "சிலர் எழுதுற மேக்ஃபைல்ல ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னாடி @ இருக்கு. சிலரோடதுல இல்ல. அதை எடுத்துட்டா ஏதாவது உடைஞ்சுடுமா?"

உடையாது. பில்ட் அப்படியேதான் ஓடும், ஸ்க்ரீன் மட்டும் கொஞ்சம் இரைச்சலாகும். ஆனா அந்த ஒற்றை எழுத்துக்குப் பின்னாடி ஒரு பெரிய கேள்வி இருக்கு: ஒரு பில்ட் நம்மகிட்ட எவ்வளவு பேசணும், எதைச் சொல்லாம விடலாம்? எபிசோட்ல அதுக்கு நேரம் கிடைக்கல. இந்த மடல் முழுக்க அதுதான்.

ஒரு சின்ன குறிப்பு. எபிசோட்ல வாயால சொன்ன மாதிரியே கட்டளைகளையும் இங்க தமிழ் எழுத்துலயே தர்றேன். டெர்மினல்ல தட்டும்போது ஆங்கில எழுத்துல தட்டிக்குங்க.

மேக் இயல்பிலேயே வெளிப்படையான ஆள். ஒரு கட்டளையை ஷெல்லிடம் கொடுக்கும் முன், என்ன கொடுக்கப் போகிறது என்பதை அப்படியே திரையில் அச்சிடும். `எக்கோ "பில்ட் ஆரம்பம்"` என்று ஒரு வரி எழுதினால் திரையில் இரண்டு வரிகள் வரும்: முதலில் அந்தக் கட்டளை, பிறகு அது அச்சிட்ட செய்தி. பார்க்க அசிங்கமா இருக்கும். அதுக்குத்தான் `@எக்கோ` என்று எழுதுகிறோம். @ இருந்தால் மேக் அந்த வரியைச் சொல்லிக் காட்டாது, ஆனால் ஓட்டும்.

இங்கதான் பலருக்குக் குழப்பம். @ கட்டளையின் வாசகத்தை மட்டும்தான் மறைக்கிறது. கட்டளை வெளியிடுவதை மறைக்காது. கட்டளை தோற்றால் அந்தத் தோல்வியையும் மறைக்காது. எந்த ஃபைலில் எத்தனையாவது வரி, எந்த டார்கெட், எரர் எண் என்ன என்று மேக் சொல்லிவிட்டு நின்றுவிடும். தோற்ற கட்டளை எதுவென்பது மட்டும் தெரியாது. பில்ட் உடைஞ்ச நேரத்துல நமக்கு வேண்டியதே அந்த ஒண்ணுதான்ங்கிறது வேற விஷயம்.

@-ஐ வரியின் தொடக்கத்தில்தான் மேக் புரிந்துகொள்ளும். நீளமான கட்டளையை பேக்ஸ்லாஷ் போட்டு நாலு வரிக்கு இழுத்திருந்தால் மேக்கைப் பொறுத்தவரை அது ஒரே கட்டளை. முதல் வரியில் ஒரு @ போதும். இரண்டாவது வரியிலும் @ வைத்தால் அது ஷெல்லுக்குப் போய்விடும், "@எக்கோ என்று ஒரு கட்டளையே இல்லை" என்று ஷெல் சண்டைக்கு வரும். பேக்ஸ்லாஷ் இல்லாவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி ஷெல். அதனாலதான் ஒரு வரியில `சிடி` போட்டுட்டு அடுத்த வரியில அந்த டைரக்டரியில இருக்கோம்னு நம்பக் கூடாது.

இன்னொரு முன்னொட்டு கழித்தல் குறி. `-` போட்டால் அந்தக் கட்டளை தோற்றாலும் மேக் தொடர்ந்து போகும். ஆனால் போகிற போக்கில் "எரர் 1 (இக்னோர்டு)" என்று ஒரு வரி விட்டுச் செல்லும். இந்த வரியை நினைவில் வச்சுக்குங்க.

இப்போ ஊர்க்கதைக்கு வர்றேன். நான் இருக்கிறது ஃபஹாஹீல்ல. குவைத் சிட்டிக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் அஹ்மதி எண்ணெய் வட்டாரம், கீழே போனா ஷுஐபா தொழிற்பேட்டை. இந்தப் பக்கம் கன்ட்ரோல் பேனல், சென்சார், அலாரம்னு செஞ்சு கொடுக்கிற சின்ன ஒர்க்‌ஷாப்புகள் உண்டு. அப்படி ஒரு இடத்துல (பேர் வேண்டாம்) கேஸ் டிடெக்டர் பேனலுக்கான ஃபர்ம்வேரை மேக்ஃபைல் வச்சு பில்ட் பண்ணிட்டு இருந்தாங்க. கேஸ்னா இங்க எல்லாருக்கும் முதல்ல நினைவுக்கு வர்றது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகின முட்டை வாடைன்னு சொல்வாங்க. ஆனா அளவு கூடிட்டா மூக்கே மரத்துப்போய் வாடை தெரியாமப் போயிடும். மூக்கை நம்ப முடியாத இடத்துல பேனலைத்தான் நம்பணும்.

அந்த பேனல்ல ஒரு பிழை திருத்தப்பட்டது. அலாரம் ஒருமுறை அடித்தால், ஆள் வந்து பொத்தானை அழுத்துகிற வரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பழைய கோடில் கேஸ் அளவு குறைந்ததும் ஹாரன் தானாக நின்றுவிடும். திருத்தினார்கள், பில்ட் செய்தார்கள், திரையில் "முடிந்தது" என்று வந்தது. ஷேர்டு டிரைவிலிருந்து ஃபைலை எடுத்துக்கொண்டு டெக்னீஷியன் சைட்டுக்குப் போனார். தஞ்சாவூர்க்காரர், இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர். பேனலில் ஏற்றிவிட்டு, டெஸ்ட் சிலிண்டரைப் பிடித்துப் பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் பண்ணினார்.

"தம்பி, சரி பண்ணியாச்சுன்னு சொன்னீங்களே. கேஸை எடுத்ததும் ஹாரன் தானா நின்னுடுதே?"

"இல்லண்ணே, கோடு மாத்தியாச்சு. இன்னொரு தடவை லோடு பண்ணிப் பாருங்க."

இன்னொரு தடவையும் அதேதான். டீம்ல இருந்த பையன் ரெண்டு நாள் உட்கார்ந்து அந்த சி கோடை வரி வரியாப் படிச்சான். கோடுல தப்பே இல்ல. அப்புறம் மேக்ஃபைலை என்கிட்ட காட்டினாங்க. எழுதினவர் எப்பவோ ஊருக்குப் போயிட்டார். கடைசி ரெண்டு வரி இப்படி இருந்தது:

    @சிபி பேனல்.பின் $(ஷேர்) 2>/டெவ்/நல் || ட்ரூ
    @எக்கோ "முடிந்தது"

ஷேர்டு டிரைவ் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. காப்பி நடக்கவே இல்லை. அங்கே கிடந்தது பழைய ஃபைல்.

இந்த ஒரே வரியில் மூன்று திரைகள் இருக்கின்றன, மூன்றும் வேறு வேறு வேலை செய்கின்றன. @ கட்டளையை மறைத்தது. `2>/டெவ்/நல்` "இடமில்லை" என்ற சிபியின் புலம்பலைக் குப்பைக்கு அனுப்பியது. `|| ட்ரூ` தோல்வியையே வெற்றியாக மாற்றி மேக்கிடம் கொடுத்தது. மேக்கைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல, அதுக்கு விஷயமே தெரியாது. இதே இடத்தில் வெறும் `-` போட்டிருந்தால் "எரர் 1 (இக்னோர்டு)" என்ற வரியாவது திரையில் நின்றிருக்கும். என் கணக்குல `-` நேர்மையானது, `|| ட்ரூ` அப்படி இல்ல. எதுவுமே போடாம விட்டிருந்தா இன்னும் நல்லது: பில்ட் அங்கேயே செத்திருக்கும், யாரும் சைட்டுக்கு வண்டி எடுத்திருக்க மாட்டாங்க. அந்த அண்ணன் சிலிண்டரைப் பிடிச்சுப் பார்க்கிற ஆளா இல்லாம, லோடு பண்ணிட்டு கையெழுத்து வாங்கிட்டுப் போற ஆளா இருந்திருந்தா? அங்க வேலை பார்க்கிறவங்க பழைய ஹாரனை நம்பி நின்னிருப்பாங்க.

சரியான கோடில் தப்பைத் தேடி நாளை வீணடிப்பது மேக்குக்குப் புதிய கதையல்ல, அதன் பிறப்புக் கதையே அதுதான். 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டீவ் ஜான்சன் (யாக், லின்ட் எழுதியவர்) ஏற்கனவே திருத்தி முடித்த ஒரு நிரலில் பிழையைத் தேடி ஒரு காலைப் பொழுதை இழந்தார். திருத்தம் ஃபைலில் இருந்தது. ஓடிக்கொண்டிருந்த பைனரியில் இல்லை, ஏனென்றால் அந்த ஃபைலை மறுபடி கம்பைல் செய்யவில்லை. அவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேனிடம் வந்து புலம்ப, ஃபெல்ட்மேன் அந்த வாரக் கடைசியில் எழுத ஆரம்பித்ததுதான் மேக். 2003-ல் அதற்காக ஏசிஎம் மென்பொருள் விருதும் வாங்கினார். தொடக்கத்திலுள்ள அந்த டேப் எழுத்தை ஏன் மாற்றவில்லை என்பதற்கு அவர் சொன்ன காரணமும் பிரபலம்: அதற்குள் ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்களாம், அவர்களைத் தொந்தரவு செய்ய மனமில்லையாம்! அந்த ஒரு டஜன் பேருக்காக நாம இன்னும் டேப் தட்டிட்டு இருக்கோம்.

அப்போ மத்தவங்க எழுதின, முழுக்க @ நிரம்பின மேக்ஃபைல் கையில வந்தா என்ன பண்றது? ஃபைலைத் திருத்த வேண்டாம். இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று `மேக் -என்`. எதையும் ஓட்டாமல், ஓட்டப் போகும் கட்டளைகளை மட்டும் அச்சிடும். @ இருந்தாலும் அச்சிடும். நம்ம நேயர்கள்ல சிலர் டெசராக்ட் வச்சு பழைய தமிழ்ப் புத்தகங்களுக்கு ஓசிஆர் மாடல் பயிற்சி கொடுக்கிறாங்க. அதுக்கான டெஸ்ட்ரெய்ன் என்ற திட்டமே ஒரு பெரிய மேக்ஃபைல்தான். மாடல் பெயர், எந்த மாடலிலிருந்து தொடங்குவது (தமிழுக்கு 'டாம்'), எத்தனை சுற்று என்று எல்லாமே வேரியபிளாகக் கொடுக்க வேண்டும். மணிக்கணக்கில் ஓடப் போகிற வேலை. வேரியபிள் பெயரில் ஒரு எழுத்து தவறினாலும் மேக் கண்டுகொள்ளாது. அந்தப் பெயரை அங்கே யாரும் கேட்கப் போவதில்லை, உள்ளே இருக்கும் இயல்பு மதிப்பை எடுத்துக்கொண்டு போய்விடும். முதலில் `-என்` போட்டு, நீங்கள் கொடுத்த மதிப்பு கட்டளைகளுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

மேக்ஃபைலுக்கு உள்ளேயே எழுத்துப்பிழை இருந்தால் இதைவிட ஆபத்து. வரையறுக்காத வேரியபிள் வெற்றாக விரியும். `@ஆர்எம் -ஆர்எஃப் $(பில்டு)/*` என்று எழுதி, மேலே 'பில்ட்' என்று வரையறுத்திருந்தால் என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. விரிந்த பிறகு அது ரூட்டிலிருந்து எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளை, அதுவும் @ போட்டுச் சத்தமில்லாமல். அழிக்கிற கட்டளைக்கு @ போடவே கூடாதுன்னு நான் பிடிவாதமா இருக்கிறதுக்கு இதுதான் காரணம். `--வார்ன்-அன்டிஃபைன்டு-வேரியபிள்ஸ்` என்ற ஆப்ஷன் கொடுத்தால் மேக் இதை முன்கூட்டியே எச்சரிக்கும்.

ஆனால் `-என்` முழுக்கப் பாதுகாப்பானது என்று நம்பிவிடாதீர்கள். `+` முன்னொட்டு உள்ள வரிகளும், உள்ளே இன்னொரு மேக்கை `$(மேக்)` வழியாகக் கூப்பிடும் வரிகளும் `-என்` கொடுத்தாலும் ஓடும். சப்-டைரக்டரிகளுக்குள்ளும் `-என்` இறங்கிப் போக வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. அந்த வரியிலேயே வேறு வேலையும் ஒட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து ஓடிவிடும். மேக்ஃபைலைப் படிக்கும்போதே ஓடுகிற `$(ஷெல் ...)` ஃபங்ஷன்களும் அப்படித்தான்.

இரண்டாவது வழி `மேக் --ட்ரேஸ்`. 2013-ல் வந்த குனு மேக் 4.0-ல் சேர்ந்தது. இது உண்மையிலேயே ஓட்டும். ஓட்டும்போது @ போட்டதையும் காட்டும், எந்த ஃபைலில் எந்த வரி என்று சொல்லும், இந்த டார்கெட்டை ஏன் இப்போது மறுபடி செய்கிறேன் என்ற காரணத்தையும் சொல்லும். மேலே சொன்ன காப்பி வரி எனக்கு இப்படித்தான் மாட்டியது. ஆப்பிள் மேக் மெஷின் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: அதோட கூடவே வர்றது 3.81, 2006-ல வந்தது. அதுல ட்ரேஸ் கிடையாது. ஹோம்ப்ரூ வழியா புதுசு போட்டுக்குங்க. அது 'ஜிமேக்' என்ற பெயர்ல உட்காரும்.

இவ்வளவு சொன்னதும், "அப்போ @ எல்லாத்தையும் எடுத்துடலாமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். அளவுக்கு மீறிப் பேசுற பில்டும் மறைக்கத்தான் செய்யும். ஒவ்வொரு கம்பைல் கட்டளையும் நாலைந்து வரி நீளத்துக்கு ஃப்ளாக்குகளைக் கொட்டினால், நடுவில் வருகிற ஒரு வார்னிங் யார் கண்ணிலும் படாது. நான் முன்னாடி பாராட்டின அந்த "இக்னோர்டு" வரியும் அப்படித்தான் ஓடிப்போகும்.

இதற்கு லினக்ஸ் கெர்னல் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடிக்கும். கெர்னலை பில்ட் செய்தால் "சிசி" என்று போட்டு ஃபைல் பெயர் மட்டும், ஒரு ஃபைலுக்கு ஒரு வரி, வரும். வார்னிங் வந்தால் பளிச்சென்று தெரியும். முழுக் கட்டளை வேண்டுமென்றால் `மேக் வி=1`. ஏன் மறுபடி பில்ட் ஆகிறது என்று தெரிய வேண்டுமென்றால் `வி=2`. உள்ளே ஒவ்வொரு கட்டளைக்கும் இரண்டு வடிவங்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்: ஓட்டுவதற்கு ஒன்று, சுருக்கமாகக் காட்டுவதற்கு 'கொயட்' என்ற பெயரில் இன்னொன்று. 2009-ல் ஆட்டோமேக் 1.11-ம் இதே `வி=1` பழக்கத்தை எடுத்துக்கொண்டது. கிட் மென்பொருளின் மேக்ஃபைலிலும் இதுதான். சிமேக் உருவாக்கும் மேக்ஃபைல்களில் மட்டும் `வெர்போஸ்=1` என்று எழுத வேண்டும். கெர்னலில் ஒரு நுணுக்கம் உண்டு: `வி`-யை கமாண்ட் லைனில் கொடுத்தால்தான் மதிக்கும். ஷெல்லில் எக்ஸ்போர்ட் செய்து வைத்தால் கண்டுகொள்ளாது.

நம்ம சொந்த மேக்ஃபைலுக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்ல, நாலு வரி போதும். இந்த நாலு வரியை மட்டும் தமிழ்லயே அப்படியே தட்டலாம். குனு மேக்ல வேரியபிள் பெயர்ல முக்காற்புள்ளி, ஹாஷ், சமக்குறி, இடைவெளி இந்த நாலும் வரக் கூடாது, அவ்வளவுதான் விதி:

    பேச்சு ?= 0
    மூடி_0 := @
    மூடி_1 :=
    மூடி = $(மூடி_$(பேச்சு))

இனிமேல் கட்டளைகளுக்கு முன்னால் @ போடுவதற்குப் பதில் `$(மூடி)` என்று போடுங்கள். மேக் முதலில் வேரியபிளை விரித்துவிட்டுத்தான் முன்னொட்டைப் பார்க்கிறது, அதனால் இது வேலை செய்கிறது. சாதாரணமாக ஓட்டினால் @ வந்து அமைதி. `மேக் பேச்சு=1` என்று ஓட்டினால் அந்த இடம் காலி, எல்லாம் தெரியும். யாராவது `பேச்சு=7` கொடுத்தால்? 'மூடி_7' இல்லை, வெற்றாக விரியும், அதுவும் சத்தமாகவே ஓடும். சந்தேகம் வந்தா பேசுற பக்கமே சாயணும், அதனால இந்த வரிசையில எழுதியிருக்கேன். அடைப்புக்குறியை மட்டும் மறந்துடாதீங்க. வெறும் `$மூடி` என்று எழுதினால் மேக் டாலருக்கு அடுத்த ஒரே ஒரு பைட்டை மட்டும் பெயராக எடுத்துக்கொள்ளும், மிச்சம் கந்தலாகும். ஆங்கிலத்திலும் இதே கதிதான்: `$ஹோம்` என்பதை நான்கு ஆங்கில எழுத்தில் எழுதினால் முதல் எழுத்து காணாமல் போகும். ஷெல்லின் வேரியபிள் வேண்டுமென்றால் இரண்டு டாலர்.

சர்வரில் தானாக ஓடும் பில்டுகளில் எப்போதும் `பேச்சு=1` வையுங்கள். அங்கே திரையைப் பார்த்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. உடைந்த பிறகு லாகைத் திறக்கிறவருக்கு முழுக் கட்டளை வேண்டும்.

லாக் என்றதும் ஒரு கண்ணி நினைவுக்கு வருகிறது. மேக்ஃபைலுக்குள் `டெஸ்ட் | டீ லாக்` என்று எழுதினால், டெஸ்ட் தோற்றாலும் மேக் பார்ப்பது டீயின் முடிவை. டீ எப்போதும் ஜெயிக்கும். `|| ட்ரூ` போட்டதற்கும் இதற்கும் விளைவில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் பார்த்தால் அப்பாவி மாதிரி இருக்கும். ஷெல்லை பாஷ் என்று மாற்றி, குனு மேக் 3.82 முதல் உள்ள 'ஷெல்ஃப்ளாக்ஸ்' அமைப்பில் 'பைப்ஃபெயில்' சேர்த்துவிடுங்கள். டெர்மினலில் மேக்கையே டீக்குக் குழாய் போட்டு ஓட்டும்போதும் இதே பிரச்சினை உண்டு.

கடைசியா, `-ஜே8` போட்டு ஓட்டும்போது எட்டு வேலைகளோட பேச்சும் சந்தைக்கடை மாதிரி கலந்து வரும். எந்த எரர் எந்த ஃபைலோடதுன்னு பிரிக்க முடியாது. 4.0-லிருந்து பெரிய எழுத்து `-ஓ` ஆப்ஷன் இருக்கு. ஒவ்வொரு டார்கெட்டோட வெளியீட்டையும் சேர்த்து வச்சு, அது முடிஞ்சதும் மொத்தமாத் தரும். நீளமா ஓடுற வேலைன்னா நடுவுல ஒண்ணுமே தெரியாது, தொங்கிடுச்சோன்னு பயம் வரும். அதனால நான் அதைத் தனியா ஓட்டிக்குவேன்.

அடுத்த எபிசோட்ல நிஞ்சா. அது ஜெயிக்கிற வரை ஒரே வரியில பேசும். ஒரு கட்டளை தோத்தா மட்டும் அதை முழுசா அச்சிட்டு, அது கக்கின எல்லாத்தையும் கீழயே வைக்கும். மேக்ல நாம நாலு வரி எழுதி வாங்கினதை அது எப்படி இயல்பாவே செய்யுதுன்னு அங்க பேசுவோம். உங்க மேக்ஃபைல்ல `|| ட்ரூ` தேடிப் பார்த்து, கிடைச்சா இந்த மடலுக்குப் பதில் போடுங்க. எதுக்காக அங்க வந்ததுன்னும் சேர்த்து எழுதுங்க.